சனிக்கிழமை இரவு யாருடையது?

பெண்ணியம் தாளுக்காக மாணவி ஒருத்தி எழுதிக் கொடுத்த கட்டுரையில் இப்படி ஒரு வரி இருந்தது: “1971இல் தொலைக்காட்சி அயர்லாந்துப் பெண்களை விடுவித்தது.” சிவப்பு மையால் அந்த வரியை அடித்தேன். ஓரத்தில் ‘எழுவாய் சரியா?’ என்று மட்டும் எழுதினேன்.

மறுநாள் துறை அறை வாசலில் வந்து நின்றாள். “இதுல என்ன மேம் தப்பு? நான் படிச்ச எல்லாத்துலயும் இப்படித்தான் இருக்கு.”

அவள் சொன்னது உண்மை. அயர்லாந்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இப்படித்தான் எழுதுகிறார்கள். திருச்சபையின் பிடியில் இருண்டு கிடந்த ஒரு நாடு, 1961 டிசம்பர் 31 அன்று அங்கே தொலைக்காட்சி வந்தது, 1962இல் கே பர்ன் என்ற தொகுப்பாளர் ‘லேட் லேட் ஷோ’வைத் தொடங்கினார், பேசக் கூடாததை எல்லாம் பேச வைத்தார், நாடு விழித்துக்கொண்டது. கதை சுருக்கமாக இருக்கிறது. நாயகன் இருக்கிறான், அவன் கையில் ஒலிவாங்கி இருக்கிறது. பெண்கள் எங்கே இருக்கிறார்கள்? செயப்படுபொருளாக இருக்கிறார்கள். யாரோ விடுவிக்க, விடுபட்டவர்களாக.

எனக்கு இந்த இலக்கணத்தோடுதான் சண்டை. அந்த 1971ஆம் ஆண்டை மாதம் மாதமாக எடுத்துப் பார்ப்போம்.

அன்றைய அயர்லாந்துக் குடியரசின் மக்கள்தொகை ஏறத்தாழ 30 லட்சம். அரசுப் பணியில் இருக்கும் பெண் திருமணமானால் வேலையை விட்டு விலக வேண்டும் என்பது விதி. குழந்தைகளுக்காக அரசு தந்த உதவித்தொகை சட்டப்படி தகப்பனுக்கே உரியது. நீதிமன்ற நடுவர் குழுவில் ஆண்கள் தாமாகவே சேர்க்கப்பட்டார்கள். பெண்ணோ தானே விண்ணப்பித்தால்தான் பட்டியலில் இடம். கருத்தடைச் சாதனங்களை விற்பதையும் விற்பனைக்காக இறக்குமதி செய்வதையும் 1935ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருந்தது. கருத்தடையை ஆதரித்து அச்சிடுவதை அதற்கும் முன்பே, 1929இன் தணிக்கைச் சட்டம் தடுத்திருந்தது. ஆனால் கருத்தடை மாத்திரையை மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். எப்படி? ‘மாதவிடாயைச் சீராக்கும் மருந்து’ என்ற பெயரில். சட்டத்துக்கும் பாவத்துக்கும் நடுவே ஒரு பொய்யை வைத்து, அந்தப் பொய்யைப் பெண்ணின் கருப்பைக்குள் வைத்த ஏற்பாடு அது. விவரம் தெரிந்த மருத்துவர் இருந்த, பணம் இருந்த பெண்ணுக்கு ‘மாதவிடாய் சீரற்று’ இருந்தது. ஏழைப் பெண்ணுக்கு எட்டாவது பிள்ளை பிறந்தது.

இந்த நாட்டில்தான் 1970இல் சில பெண்கள் கூடத் தொடங்கினார்கள். பத்திரிகையாளர்கள், இடதுசாரி அரசியலில் இருந்தவர்கள், இல்லத்தரசிகள். டப்ளினின் பேகட் தெருவில் அவர்களில் ஒருவர் நடத்திய உணவகத்தில் திங்கட்கிழமை தோறும் கூட்டம். அயர்லாந்துப் பெண்விடுதலை இயக்கம் அங்கேதான் உருவானது. அவர்கள் முதலில் செய்த காரியம் கேமராவைத் தேடிப் போனதல்ல. சட்டப் புத்தகங்களைத் தேடிப் போனார்கள். திருமணத் தடை, சம ஊதியம், கல்வி, கைவிடப்பட்ட மனைவியர், கைம்பெண்கள், மணமாகாத தாய்மார்கள், கருத்தடை என்று ஒவ்வொன்றாகத் தொகுத்து ‘சங்கிலிகளா, மாற்றமா’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு சிறுவெளியீடு கொண்டுவந்தார்கள். மணம் செய்யாமல் சேர்ந்து வாழ்வதே மேல் என்பதற்கான காரணங்களையும் அதில் பட்டியல் போட்டார்கள். மணம் செய்யாவிட்டால் வேலை போகாது, வரிச்சுமை குறையும் என்கிற மாதிரியான காரணங்கள். பாவத்துக்குச் சட்டமே ஊக்கத்தொகை தருகிறதே என்று கேட்ட அந்தக் குறும்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

மார்ச் 6, சனிக்கிழமை இரவு. லேட் லேட் ஷோவில் இந்த இயக்கத்தைப் பற்றிய விவாதம். அப்போது ஆர்.டி.இ.க்கு இருந்தது ஒரே அலைவரிசை. கிழக்குக் கடற்கரையிலும் எல்லையோரத்திலும் பிரிட்டிஷ் ஒளிபரப்பு கிடைத்தது; மற்ற ஊர்களில் இதை விட்டால் வேறு இல்லை. மேடையில் ஐந்து பெண்கள்: செனட் உறுப்பினரும் சட்டப் பேராசிரியருமான 26 வயது மேரி ராபின்சன், டெர்ரியிலிருந்து வந்த பத்திரிகையாளர் நெல் மெக்காஃபர்ட்டி, டப்ளின் உழைக்கும் வர்க்கத்தைச் சேர்ந்த மாரீன் ஜான்ஸ்டன், வரலாற்றாசிரியர் மேரி கல்லன், லீலியா டூலன்.

லீலியா டூலனின் பெயரில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஆர்.டி.இ.யின் பொழுதுபோக்குப் பிரிவுக்கே தலைவராக இருந்தவர் அவர். நிறுவனம் வணிகத்துக்கு வளைகிறது என்று எதிர்த்து 1969இல் பதவி விலகினார். உடன் விலகிய இரண்டு ஆண்களோடு சேர்ந்து அதைப் புத்தகமாகவே எழுதினார். தொலைக்காட்சி பெண்களை விடுவித்தது என்றால், அந்தத் தொலைக்காட்சியை உள்ளிருந்து அறிந்த ஒரு பெண் ஏன் தன்னை அதிலிருந்து விடுவித்துக்கொண்டார்? இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் அந்தக் கட்டடத்துக்குள் திரும்பி வந்தது அதிகாரியாக அல்ல, இயக்கத்தின் குரலாக.

அன்றைய இரவில் என்ன நடந்தது? பெண்கள் தங்கள் வாதங்களை அடுக்கினார்கள். பார்வையாளர் வரிசையில் இருந்த பத்திரிகையாளர் மேரி கென்னி அரசியல்வாதிகளை வெளுத்து வாங்கினார். வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த காரெட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற நாடாளுமன்ற உறுப்பினருக்குப் பொறுக்கவில்லை. கிளம்பி நேராக அரங்குக்கு வந்துவிட்டார். நிகழ்ச்சி கூச்சல் குழப்பமானது. அவர் பிற்போக்காளர் அல்லர். பின்னாளில் பிரதமராக இருந்து கருத்தடைச் சட்டத்தைத் தளர்த்தியவரும் அவரே. ஆனாலும் பாருங்கள், அந்த இரவைப் பற்றிப் பேசும்போது முதலில் நினைவுகூரப்படுவது அந்த ஆணின் வருகை. கைம்பெண்களின் உதவித்தொகை பற்றிச் சொல்லப்பட்டதை யார் நினைவுகூர்கிறார்கள்? ஐந்து பெண்கள் மாதக்கணக்கில் படித்துத் தயாரித்ததை விட, ஓர் ஆண் கோபத்தோடு கதவைத் திறந்தது பெரிய நிகழ்ச்சியாகிவிட்டது. நேரலையின் பசிக்கு வாதத்தை விட வாக்குவாதமே ருசி.

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒளிபரப்பு இல்லாவிட்டால் ஏப்ரல் 14 அப்படி நடந்திருக்காது. அன்று டப்ளின் மேயர் மாளிகையான மேன்ஷன் ஹவுஸில் இயக்கம் கூட்டிய முதல் பொதுக்கூட்டத்துக்கு ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். கிராமத்துச் சமையலறையில் தனியாக உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு ‘நான் மட்டும் இல்லை’ என்று தோன்ற வைத்ததில் அந்தப் பெட்டிக்குப் பங்கு உண்டு. மறுக்கவில்லை. ஆனால் அரங்கைப் பிடித்தவர்கள், நாற்காலி போட்டவர்கள், வந்தவர்களைப் பேச விட்டவர்கள் பெண்கள். கேமரா அழைப்பிதழைக் கொண்டு சேர்த்தது. விருந்து சமைத்தவர் என்று அதற்குப் பட்டம் கட்டாதீர்கள்.

அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே இன்னும் இரண்டு நிகழ்ச்சிகள். மார்ச் 28 ஞாயிறு, டப்ளின் தேவாலயங்களில் பேராயர் ஜான் சார்ல்ஸ் மெக்குவெய்டின் சுற்றுமடல் வாசிக்கப்பட்டது. கருத்தடை எந்நிலையிலும் தவறு, அதை அனுமதிப்பது நாட்டுக்கே சாபம் என்பது சாரம். திருப்பலியின் நடுவே பெண்கள் எழுந்து வெளியேறினார்கள். அதுவரை தலையில் முக்காடிட்டு மண்டியிட்ட இடத்திலிருந்து, அக்கம்பக்கத்தார் கண்முன் எழுந்து நடப்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை நம் ஊர்க் கோயில்களை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த நடைக்கு ஒளிவிளக்கு இல்லை, ஒப்பனை இல்லை.

ஏப்ரல் 3, யூரோவிஷன் பாட்டுப் போட்டி முதன்முறையாக அயர்லாந்தில். டப்ளினின் கெயட்டி அரங்கிலிருந்து ஆர்.டி.இ. அதை வண்ணத்தில் ஒளிபரப்பியது. ஐரோப்பாவை வரவேற்றுப் பேசிய தொகுப்பாளர் ஒரு பெண். அயர்லாந்து உலகுக்குக் காட்டிய முகம் பெண்ணின் முகம். அதே நாட்டின் அரசு அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் மோதிரம் மாற்றினால் மேசையைக் காலி செய்ய வேண்டும். பெண் திரையில் தெரிகிறாள் என்பதும் பெண்ணுக்கு இடம் கிடைத்தது என்பதும் ஒன்றல்ல. இதை 1971இன் அயர்லாந்து ஒரே மாதத்துக்குள் நமக்குக் கற்றுக் கொடுத்துவிடுகிறது.

மே 22, இன்னொரு சனிக்கிழமை. 47 பெண்கள் டப்ளினிலிருந்து பெல்ஃபாஸ்ட்டுக்கு ரயிலேறினார்கள். வடக்கே பிரிட்டிஷ் சட்டம். அங்கே கருத்தடைச் சாதனங்கள் வாங்கலாம். வாங்கிவந்து சுங்க அதிகாரிகளின் கண்முன் காட்டி, ‘கைது செய்யுங்கள்’ என்று சொல்வது திட்டம். கடைக்குப் போன பிறகுதான் ஒரு சிக்கல்: மாத்திரைக்கு மருத்துவச் சீட்டு வேண்டும். சளைக்கவில்லை. ஆஸ்பிரின் மாத்திரைகளை வாங்கிக்கொண்டார்கள். சுங்க அதிகாரிக்கா வித்தியாசம் தெரியப்போகிறது? டப்ளின் கானலி நிலையத்தில் கூட்டம் காத்திருந்தது. பெண்கள் பொட்டலங்களை உயர்த்திக் காட்டினார்கள். அதிகாரிகள் பார்வையைத் திருப்பிக்கொண்டு வழிவிட்டார்கள். அன்றிரவே, ரயிலில் போய் வந்தவர்கள் லேட் லேட் ஷோவில் பேசினார்கள்.

இங்கே வரிசையைக் கவனியுங்கள். முதலில் ரயில், பிறகுதான் திரை. நாளைத் தேர்ந்தெடுத்தவர்கள் பெண்கள்; நிருபர்களும் கேமராக்களும் வரும்படி செய்தவர்கள் பெண்கள். ஊடகத்தில் வேலை பார்த்த பெண்கள் அந்த இயக்கத்தில் இருந்தார்கள். அந்தப் பெட்டி எதற்கு மயங்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தொலைக்காட்சி அவர்களைப் பயன்படுத்திக்கொண்ட அளவுக்கு அவர்களும் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். இதைத்தான் ‘தொலைக்காட்சி விடுவித்தது’ என்ற வரி திருடிக்கொள்கிறது.

இவ்வளவு கிளர்ச்சிக்குப் பிறகும் ஜூலையில் செனட் என்ன செய்தது? கருத்தடையைச் சட்டபூர்வமாக்க மேரி ராபின்சனும் இரண்டு ஆண் உறுப்பினர்களும் கொண்டுவந்த மசோதாவுக்கு முதல் வாசிப்பையே மறுத்தது. நாடு முழுக்கப் பார்த்த விவாதம் சட்டமன்றத்தின் மேசையில் ஒரு தாளாகக் கூட விழவில்லை.

அக்டோபர் 1. இந்த ஆண்டைப் பற்றிய விடுதலைக் கதைகளில் இந்தத் தேதி பெரும்பாலும் வராது. அன்றுதான் அஞ்சல், தந்தித் துறை அமைச்சர் ஜெரி காலின்ஸ், ஒளிபரப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவின்கீழ் ஆர்.டி.இ.க்கு எழுத்து மூலமாக ஆணையிட்டார். வன்முறை வழியில் இலக்கை அடைய முயலும் அமைப்புகளின் நோக்கங்களை வளர்க்கும் எதையும் ஒளிபரப்பக் கூடாது. வடக்கே அன்று ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது; அரசுக்கு அச்சம் இருந்தது. ஆனால் எது ‘வளர்ப்பது’, எது செய்தி என்பதற்கு வரையறை இல்லை. அடுத்த ஆண்டே, ஒரு பேட்டியைப் பற்றிய செய்தி ஒளிபரப்பானதற்காக ஆர்.டி.இ.யின் நிர்வாகக் குழு முழுவதையும் அரசு பதவி நீக்கியது. வெவ்வேறு வடிவங்களில் அந்தத் தடை 1994 ஜனவரி வரை நீண்டது. பெண்களைப் பேச விட்டதாகப் புகழப்படும் அதே ஆண்டில், அதே திரையின் வாயில் அரசு கையை வைத்தது. யாருடைய தயவில் திறந்ததோ, அவர் நினைத்தால் மூடிவிடும் கதவு அது. அதன் பெயர் விடுதலை அல்ல, அனுமதி.

இனி, அந்த ஆண்டு திரை காட்டாமல் விட்டதைச் சொல்கிறேன். ஆர்.டி.இ.யின் அரங்குகள் டப்ளினின் டானிபுரூக் பகுதியில் இருக்கின்றன. அதே டானிபுரூக்கில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு மக்தலீன் சலவைக்கூடம் இருந்தது. மணமாகாமல் கருவுற்றவர்கள், ‘வழிதவறக்கூடும்’ என்று அஞ்சப்பட்டவர்கள், யாரும் வேண்டாத சிறுமிகள் என்று பெண்களை உள்ளே வைத்துக் கூலியில்லாமல் துணி வெளுக்க வைத்த இடம். 1992 வரை அது இயங்கியது. டப்ளின் நகரின் நடுவில் ஷான் மெக்டெர்மட் தெருவில் இருந்த கடைசிக் கூடம் 1996இல்தான் மூடப்பட்டது. அந்தப் பெண்களிடம் அரசு மன்னிப்புக் கேட்க 2013 ஆனது. மார்ச் 6 இரவு பெண்விடுதலை பற்றி அனல் பறந்த அரங்கிலிருந்து அந்தச் சலவைக்கூடத்துக்கு நடந்தே போயிருக்கலாம். திருச்சபைக் காப்பகங்களின் கொடுமையை ஆர்.டி.இ. ஆவணப்படங்களாக எடுத்துக் காட்டியது 1990களின் பிற்பகுதியில். அதுவும், அங்கே குழந்தைகளாக அடிபட்டு வளர்ந்தவர்கள் பேச முன்வந்த பிறகு. அங்கும் வரிசை அதுதான். முதலில் ஒரு பெண் வாய் திறக்கிறாள். பிறகுதான் கேமரா வருகிறது.

என் அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மகளிர் தினத்தன்று ஒரு தொலைக்காட்சி விவாதத்துக்கு அழைத்தார்கள். தொலைபேசியில் பேசிய தம்பி கேட்டார்: “மேடம், கொஞ்சம் சூடாப் பேசுவீங்கள்ல?” இரண்டு நாள் உட்கார்ந்து குறிப்பு எடுத்துக்கொண்டு போனேன். கிடைத்தது மொத்தம் நான்கு நிமிடமோ ஐந்து நிமிடமோ. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆண், பெண்கள் ஏற்கெனவே சமமாகிவிட்டார்கள் என்றார். அவருக்குத்தான் இறுதிச் சொல். மறுநாள் கல்லூரியில் எல்லோரும் நான் கோபப்பட்டதைப் பற்றிப் பேசினார்கள். நான் சொன்னதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. 1971ஆம் ஆண்டு மார்ச் இரவைப் பற்றிப் படித்தபோது அந்தக் குறிப்புத் தாள்கள்தான் நினைவுக்கு வந்தன.

அயர்லாந்தின் பழமைவாதிகளும் இதே கதையைத்தான் சொன்னார்கள், தலைகீழாக. தொலைக்காட்சி வரும் முன் இந்நாட்டில் காமமே இருந்ததில்லை என்ற பொருளில் ஆலிவர் ஃபிளானகன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் சொன்னதாக இன்றுவரை சிரித்துக்கொண்டே எடுத்துக்காட்டுகிறார்கள். அந்தச் சிரிப்பில் நான் சேர மாட்டேன். ‘தொலைக்காட்சி நம் பெண்களைக் கெடுத்தது’ என்பவரும் ‘தொலைக்காட்சி நம் பெண்களை விடுவித்தது’ என்பவரும் ஒரே வாக்கியத்தைத்தான் எழுதுகிறார்கள். பயனிலை மட்டும் வேறு. இருவருக்கும் பெண் ஒரு வெற்றுத்தாள். எழுதியது யார் என்பதில்தான் தகராறு.

அந்தத் திரை அணைந்த பிறகு நடந்ததைப் பாருங்கள். அரசுப் பணியில் திருமணத் தடை 1973இல் நீங்கியது. நான்கு பிள்ளைகளின் தாயான மே மெகீ, இன்னொரு கர்ப்பம் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் சொன்ன நிலையில், தனக்கு வந்த கருத்தடைப் பொருளைச் சுங்கத்துறை பறித்ததை எதிர்த்து வழக்குப் போட்டார். 1973 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். குழந்தைகளுக்கான உதவித்தொகை 1974இல் தாயின் கைக்கு வந்தது. 1971இல் ஒரு போராட்டத்தில் கைதான மாரீன் டி பூர்க்காவும் மேரி ஆண்டர்சனும், பெண்களை ஒதுக்கிவைத்த நடுவர் குழு எங்களை விசாரிக்கக் கூடாது என்று வழக்காடி, அந்தச் சட்டத்தையே உடைத்தார்கள். கருத்தடைக்கான முதல் சட்டம் 1979இல் வந்தது, மருத்துவச் சீட்டு இருந்தால் மட்டும் என்ற நிபந்தனையோடு. சீட்டில்லாமல் ஆணுறை வாங்க 1985 ஆனது. ரயிலுக்கும் இதற்கும் நடுவே 14 ஆண்டுகள். அந்த 14 ஆண்டுகளை நேரலையில் காட்ட முடியாது. மனு எழுதுவதும், வழக்கறிஞருக்குக் காத்திருப்பதும், கூட்டத்துக்கு நாற்காலி அடுக்குவதும் பார்ப்பதற்குச் சுவாரசியமான காட்சிகள் அல்ல. விடுதலை பெரும்பாலும் அப்படிச் சுவாரசியமில்லாத வேலையாகத்தான் இருக்கிறது. அதனால்தான் அதைச் செய்தவர்களின் பெயர் விட்டுப்போகிறது.

எனவே நான் கேட்பது இவ்வளவுதான். எந்தத் திரையானாலும், கையடக்கத் திரையானாலும், ‘அது நமக்குக் குரல் கொடுத்தது’ என்று எழுதும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். அதற்கு முன்னால் கூட்டம் கூட்டியது யார்? அதை அணைக்கும் விசை யார் கையில்? அதன் வெளிச்சம் படாமல் பக்கத்துத் தெருவில் யார் துணி வெளுத்துக்கொண்டிருக்கிறாள்?

இதையெல்லாம் மாணவியிடம் ஒரு மதிய இடைவேளை முழுக்கச் சொன்னேன். அடுத்த வாரம் தாளைத் திருத்திக் கொண்டுவந்தாள். “1971இல் அயர்லாந்துப் பெண்கள் தொலைக்காட்சியைக் கைப்பற்றினார்கள்” என்று எழுதி, ‘அயர்லாந்துப் பெண்கள்’ என்பதற்கு முன்னால் வேறு நிறப் பேனாவில் ‘சில’ என்று செருகியிருந்தாள்.

“வீட்டுக்குப் போனப்புறம்தான் மேம் தோணுச்சு. சலவைக்கூடத்துல இருந்தவங்க கைப்பற்றலையே.”

நான் சரி என்று குறியிட்டேன்.